சீட்டின் மூலையில் ஒரு பென்சில் வட்டம்

நான் ஓய்வு பெற்ற அன்று மாலை, கேன்டீனில் கேக் வெட்டி முடித்த பிறகு, புதிதாகச் சேர்ந்த உங்கள் மூன்று பேருக்கும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லும்படி சிஸ்டர் கேட்டுக்கொண்டார். எழுந்து நின்றேன். "எல்லாருக்கும் நன்றி. சமோசா ஆறுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பலமாகக் கைதட்டினீர்கள். என் பேச்சுக்கா, அது அவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்கா என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எழுத ஓரளவு வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது என்பதால் எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். திருத்தும்போது இரண்டு இடத்தில் சிரித்தாள். ஓர் இடத்தில், "அப்பா, இதை நீங்களே பார்த்துக்கோங்க" என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த இடத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரத்தில், இந்த ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு வாசலில் இருபத்தாறு வருடம் நின்றேன். டோக்கன் கூப்பிடுவது, ஆளை உள்ளே அனுப்புவது, திரையை இழுத்து விடுவது, டாக்டர் கேட்டால் விளக்கை அணைத்து டார்ச்சைக் கையில் கொடுப்பது. இதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். உங்களில் ஒருவர் முதல் நாளே, "இதுல கத்துக்க என்னண்ணா இருக்கு?" என்று கேட்டார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கே தெரியும்.

கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆண்கள் பொய் சொல்லும் விதம்.

புதன்கிழமைகளில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தைப் பாருங்கள். மடியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, கால்களைச் சற்று அகட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். செய்தித்தாள் ஒரே பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கும். பதிவுச் சீட்டில் "வயிற்று வலி" என்று இருக்கும். சிலர் "இடுப்பு வலி" என்று போடுவார்கள். ஒருவர் "தலைசுற்றல்" என்று எழுதியிருந்தார். வெகுதூரம் மேலே போய்விட்டார், பாவம். எல்லாருக்கும் உபாதை ஒரே இடத்தில்தான். விதைப்பையில்.

பதிவு செய்யும் பெண்ணிடம் சொல்ல வெட்கம். கூட வந்த மனைவியிடம் சொல்ல வெட்கம். சிலர் டாக்டரிடமே, "என் ஃப்ரெண்டுக்கு ஒரு வீக்கம்" என்று தொடங்குவார்கள். பெரிய டாக்டர் முகத்தில் எதையும் காட்டாமல், "சரி, உங்க ஃப்ரெண்டை அந்தக் கட்டில்ல படுக்கச் சொல்லுங்க" என்பார்.

அவர்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. நான் அவர்களைவிட மோசம். எந்தப் பிரிவில் வேலை என்று மனைவி கேட்டால் "சர்ஜரி" என்பேன். "என்ன சர்ஜரி?" என்றால், "எல்லாந்தான்" என்பேன். என் மாமனார் காலமாகும்வரை நான் இதய ஆபரேஷன் பிரிவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

அந்தக் கூச்சத்தில்தான் நான் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். வாசலுக்கு வரும் ஆளிடம் குரலைத் தாழ்த்தி, "மேலயா, கீழயா?" என்று கேட்பேன். அவர் கண்ணால் கீழே காட்டுவார். சீட்டின் மூலையில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவேன். வட்டம் போட்ட சீட்டுகளை எடுத்துக் கட்டின் அடியில் வைத்துவிடுவேன். பெண்கள், குழந்தைகள், கட்டுப் பிரிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போன பிறகு, கூடம் காலியானதும் இவர்களைக் கூப்பிடுவேன். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பெண்களை அந்த நேரம் பார்த்து சிஸ்டர் டீ குடிக்க அனுப்பிவிடுவார். யாருக்கும் சங்கடம் இல்லை. பெரிய டாக்டர் அதற்கு 'மாணிக்கம் வட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார். மாணிக்கம் என்பது நான்தான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அந்த வட்டம் ஒரு பையனைக் கிட்டத்தட்ட கெடுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அதற்கு முன், திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. நீங்களும் இல்லை. டார்ச் பிடித்துப் பழகியதால் டாக்டராகிவிட்டதாக யாருக்கும் நினைப்பு வேண்டாம்.

செய்தித்தாள்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அவர்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றும் இருக்காது. சிலருக்கு விதையைச் சுற்றி நீர் கோத்திருக்கும். அதைத்தான் ஹைட்ரோசீல் என்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை ஒட்டி வைத்தால், உள்ளங்கைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தது போல் சிவப்பாக ஒளிரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ சாமி கும்பிடத் தோன்றியது. சிறியதாக இருந்து தொல்லை தராவிட்டால் சும்மா விட்டுவிடலாம். பெரியதானால் ஒரு சின்ன ஆபரேஷன். யாரிடமாவது போய் ஊசி குத்தி நீரை எடுத்துக்கொண்டவர்கள், நீர் திரும்பச் சேர்ந்து, சிலர் சீழும் சேர்ந்து, கடைசியில் இங்கேதான் வந்தார்கள்.

சிலருக்கு ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருண்டிருக்கும். தொட்டால் ஒரு பை நிறையப் புழு மாதிரி இருக்கும் என்று டாக்டர் மாணவர்களுக்குச் சொல்வார். அதற்குப் பெயர் வெரிகோசீல். நாளெல்லாம் நின்று வேலை செய்தால் இழுக்கிற மாதிரி வலிக்கும். குழந்தை தாமதமாகிறது என்று பரிசோதிக்க வந்த இடத்தில் தெரியவரும். தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போட்டுக்கொண்டாலே பலருக்குப் போதும், எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. இன்னும் சிலருக்கு விதைக்கு மேலே பட்டாணி அளவு நீர்க்கட்டி இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும். இருமச் சொன்னால் கைக்குத் தட்டுகிறது என்றால் குடல் இறங்கியிருக்கிறது. விதையிலேயே கெட்டியாக, வலி இல்லாமல் ஏதாவது தட்டுப்பட்டால் மட்டும் டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டு உடனே ஸ்கேனுக்கு எழுதுவார். அதனால்தான் எதையும் நாமே 'சும்மா நீர்தான்' என்று சொல்லி அனுப்பக் கூடாது.

ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வரும்போது பெரிய டாக்டர் ஒன்றைச் சொல்வார். "வீக்கம் பழசுன்னா காலண்டரைப் பாருங்க. வலி புதுசுன்னா கடிகாரத்தைப் பாருங்க." திரையைப் பிடித்துக்கொண்டு இருபது தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். மாணவர்களுக்குத்தானே சொல்கிறார் என்று நான் திரையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை. காலை எட்டரை மணி. கூடம் நிரம்பியிருந்தது. பம்மலிலிருந்து ஏழுமலை வந்திருந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆறு வருடமாக நீர் கோத்து, வண்டியில் உட்கார முடியாத நிலை வந்த பிறகு மனம் இறங்கி வந்திருக்கிறார். சீட்டில் "வாயு" என்று இருந்தது. வட்டம் போட்டேன்.

அவருக்குப் பின்னால் ஒரு அம்மாவும் மகனும். அம்மா பீர்க்கன்கரணையில் இருக்கிறவர், பள்ளிக்கூட டீச்சர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. கழுத்தில் சிறிய சிலுவை, கையில் பெரிய பை. மகன் ஆல்பர்ட், சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயது. முகம் வெளுத்திருந்தது.

"ஃபுட் பாய்ஸன் அண்ணா" என்றார் டீச்சரம்மா, நான் கேட்பதற்கு முன்பே. "நேத்து நைட் கம்பெனி வாசல்ல ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டிருக்கான். அந்த எண்ணெயைப் பார்த்தீங்கன்னா நீங்க கையால தொட மாட்டீங்க. காலையிலேருந்து வாந்தி, வயித்து வலி. ஜெனரல் டாக்டர் லீவாம், இங்க பாருங்கன்னு அனுப்பிட்டாங்க."

அவர் தண்ணீர் பிடிக்கப் போனதும் பையன் என் பக்கம் சாய்ந்தான்.

"அண்ணா, வயிறு இல்லண்ணா."

"கீழயா?"

தலையை ஆட்டினான். "அம்மாவுக்குத் தெரியக் கூடாதுண்ணா. ப்ளீஸ்."

"கவலப்படாத தம்பி. யாருக்கும் தெரியாம பாத்துக்கறேன்" என்றேன். எவ்வளவு அன்பாகச் சொன்னேன் தெரியுமா? சொல்லிக்கொண்டே வட்டத்தைப் போட்டு, சீட்டைக் கட்டின் அடியில், ஏழுமலையின் சீட்டுக்கும் கீழே வைத்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. நன்றாகக் கவனியுங்கள். மேலயா, கீழயா என்று கேட்டேன். யாருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். எப்போதிருந்து என்று கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. பையன் உட்கார்வான், எழுவான், சுவரில் சாய்வான். ஒரு தடவை கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான். நடக்கும்போது சின்னச் சின்ன அடியாக வைத்தான். டீச்சரம்மா பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு ஃப்ரைட் ரைஸின் தீமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் ஒரு தடவை பையனைப் பார்த்து, 'உன் ரகசியம் பத்திரமாக இருக்கிறது' என்பது போல் தலையசைத்தேன். அவனும் வலியோடு தலையசைத்தான்.

பத்து மணி தாண்டியது. ஏழுமலை என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவருடைய மடியில் செய்தித்தாள் இருந்தது, ஆனால் கண் பையன் மேல் இருந்தது.

"இன்னா தலீவா, இந்தப் புள்ளயும் நம்ம வட்டமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சீட்டுல நீ போடுற பூஜ்யம் எனுக்குத் தெரியாதா? இங்க குந்திகினு கீறவன்ல பாதிப் பேருக்குத் தெரியும். அத்த வுடு. நாங்கல்லாம் வட்டம் போட்டவங்க. எப்டி கீறோம்? பேப்பர் படிச்சுகினு ஜாலியா கீறோம். எனுக்கு ஆறு வருசமா கீது. ஒரு நாளாவது வாந்தி எடுத்துருக்கனா? இந்தப் புள்ளயப் பாரு, வேர்த்துக் கொட்டுது. ஒரு எடத்துல குந்த முடியல. இவன் நம்ம கேஸ் இல்ல தலீவா. இது வேற இன்னாவோ பேஜாரு."

நான் பையனிடம் போனேன். அவன் தூணில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தான்.

"தம்பி, இது எப்பலேருந்து?"

"காலைல அஞ்சரை. வலி தாங்காம தூக்கத்துலேருந்து எழுந்துட்டேண்ணா."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணுமே இல்லண்ணா. நல்லாதான் இருந்தேன். லெஃப்ட் சைடு மட்டும்... மேல ஏறிட்ட மாதிரி இருக்கு."

சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து பத்து. வலி புதுசுன்னா கடிகாரத்தைப் பாருங்க. இருபது தடவை கேட்டது இருபத்தோராவது தடவை காதில் விழுந்தது. திடீர் வலி, வாந்தி, ஒரு பக்கம் மேலே ஏறுவது எல்லாம் விதை திருகிக்கொண்டதன் அடையாளம் என்று டாக்டர் அதோடு சேர்த்துச் சொல்வார். விதை தன்னைத் தானே திருகிக்கொண்டால் அதற்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஐந்து, ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கும். அதற்குமேல் ஆக ஆக எடுத்துவிட வேண்டியதுதான். அஞ்சரையிலிருந்து கணக்குப் போட்டேன். கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் இதற்கு ஐந்தாம் வகுப்பே போதும். அதில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செலவழித்தவன் நான்.

ஓடிப்போய் சிஸ்டரிடம் நின்றேன். கதவுக்கு அவர்தான் காவல். ஆஸ்பத்திரி ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களை நடுவில் நுழைப்பதைப் பார்த்துப் பார்த்து, காரணம் சொல்லாமல் யாரையும் வரிசை தாண்டி விடுவதில்லை என்று வைத்திருந்தார். நல்ல விதிதான். உள்ளே டாக்டர் ஒரு பாட்டியின் கால் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தப் பையனை இப்பவே உள்ள விடணும்."

"எந்தப் பையன்?" சீட்டைப் பார்த்தார். "வயித்து வலி. ஃபுட் பாய்ஸன். இன்னும் பன்னெண்டு பேர் இருக்காங்க மாணிக்கம் அண்ணா. உங்க சொந்தக்காரனா?"

"இல்ல சிஸ்டர். வந்து... அவனுக்கு..." குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"என்ன?"

இன்னொரு தடவை சொன்னேன். கூடத்து டிவியில் யாரோ கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய சத்தம்.

"ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க."

அதற்குள் டீச்சரம்மா என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். "பரவால்லம்மா, நாங்க வெயிட் பண்றோம்" என்றார் சிஸ்டரிடம். "பெரியவங்க நிறைய பேர் இருக்காங்க. இவனுக்கு என்ன, சாப்பாடு சேராததுதானே. பசியோட கிடந்தா சரியாயிடும்."

திரும்பிப் பார்த்தேன். ஆல்பர்ட் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். சொல்லாதீங்க அண்ணா என்று அந்தக் கண் சொன்னது. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். அவன் அம்மா இதோ ஓர் அடி தள்ளி நிற்கிறார். கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள், பாதிப் பேர் பெண்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"சிஸ்டர், விதை முறுக்கிக்கிச்சு! காலைல அஞ்சரையிலேருந்து!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரியும். கத்திரிக்காய்கூட ஒரு நிமிடம் வதங்குவதை நிறுத்தியது போல் இருந்தது. நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பையனைப் பார்த்தார்கள். பையன் தரையைப் பார்த்தான்.

அந்த அமைதியில் ஏழுமலை எழுந்தார். செய்தித்தாள் கீழே விழுந்தது.

"இன்னா அல்லாரும் வேடிக்கை பாத்துகினு கீறீங்க? எனுக்கும் அங்கதான் ப்ராப்ளம். ஆறு வருசமா கீது, பூசணிக்கா சைஸு. என்ன வேணா பாத்துக்கங்க. புள்ளைக்கு வழி வுடுங்க!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த அரை நிமிடத்தில் சிஸ்டர் கதவைத் திறந்துவிட்டார். ஆல்பர்ட்டை நான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனேன். ஒரு கூட்டத்தின் பார்வையைத் தன் பூசணிக்காய் மேல் வாங்கிக்கொண்ட மனிதரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

டாக்டர் தொட்டுப் பார்க்க அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கூட இருந்த இளைய டாக்டர், "ஸ்கேனுக்கு அனுப்பலாமா சார்?" என்று கேட்டார். "ஸ்கேன் ரூம்ல எத்தனை பேர்?" என்றார் பெரிய டாக்டர். ஆறு பேர் என்றார்கள். "அந்த ஆறு பேருக்காக இது காத்திருக்காது. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு" என்றார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. கையை மட்டும் வேகமாகக் கழுவினார்.

ஸ்ட்ரெச்சரை நானே தள்ளினேன். லிஃப்டில் ஆல்பர்ட் என் கையைப் பிடித்தான்.

"அண்ணா, எடுத்துடுவாங்களா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வரை வந்தது. காலையிலிருந்து அவனிடம் நான் அன்பாகச் சொன்னதெல்லாம் அவனுக்கு என்ன செய்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"தெரியாது தம்பி. வேகமா போய்க்கிட்டு இருக்கோம்" என்றேன். அவன் கையை விடவில்லை.

தியேட்டருக்கு வெளியே டீச்சரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். ஃப்ரைட் ரைஸைப் பற்றி இப்போது பேசவில்லை. நான் சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராக நின்றேன். ஓடிப்போய்விட ஆசையாக இருந்தது.

"அவன் உங்ககிட்ட முதல்லயே சொன்னானா?" என்று கேட்டார்.

"சொன்னான்மா. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு..."

"நான் என்ன சப்ஜெக்ட் எடுக்கறேன்னு தெரியுமா அண்ணா?"

"தெரியாதும்மா."

"சயின்ஸ். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு."

அந்தக் கூடத்தில் நாற்பது பேரில், டாக்டரையும் சிஸ்டரையும் விட்டால், விஷயம் புரிந்திருக்கக் கூடிய ஒரே ஆள் இவர்தான். இவருக்குத்தான் தெரியாமல் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.

அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "உங்களை மட்டும் சொல்லி என்ன பண்றது" என்றார். "புக்ல அந்தப் பாடம் வரும். படமெல்லாம் போட்டிருக்கும். இருபத்தி ரெண்டு வருஷமா, 'இந்தப் பக்கத்தை வீட்ல படிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கேன். இவனும் என் கிளாஸ்லதான் படிச்சான். இவனுக்கும் அதேதான் சொன்னேன்."

பிறகு தியேட்டர் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய டாக்டர் வெளியே வந்தபோது முதலில் அவர் முகத்தைப் பார்த்தேன். அது வழக்கம்போல எதையும் காட்டவில்லை.

"கருநீலமா இருந்ததும்மா" என்றார் டீச்சரம்மாவிடம். "திருகலைப் பிரிச்சு விட்டு, வெதுவெதுப்பான ஈரத் துணியில சுத்தி வெச்சுட்டுக் காத்திருந்தோம். முதல்ல ஒண்ணும் தெரியல. பத்து நிமிஷம் கழிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா நிறம் திரும்பிச்சு. எடுக்கல. திரும்பத் திருகாம ரெண்டு பக்கமும் தையல் போட்டு நிறுத்தியிருக்கேன்."

டீச்சரம்மா அப்போதுதான் அழுதார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"மாணிக்கம்."

நின்றேன்.

"எட்டரைக்கு வந்திருக்கான். பத்து பத்து வரைக்கும் உன் வட்டத்துக்குள்ள உட்கார்ந்திருக்கான்." அவ்வளவு நிதானமாகச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா, வட்டத்துக்குள்ள ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

"தப்பு என்னோடதுதான் சார்."

"ஆமா." கொஞ்சம் நடந்தவர் திரும்பினார். "ஆனா நீ கத்துனது உள்ள எனக்கே கேட்டுச்சு. அந்தப் பாட்டி, புண்ணை விட்டுட்டு, யாருக்கு என்ன முறுக்கிக்கிச்சுன்னு என்னைக் கேட்டாங்க. இருபது வருஷத்துல நீ ஒரு முழு வாக்கியம் சத்தமா பேசி நான் கேட்டதில்ல. உன் கூச்சத்துக்கு என்கிட்ட ஆபரேஷன் இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேன். பரவாயில்ல, நீயே பண்ணிக்கிட்ட."

அன்று பிற்பகல் ஏழுமலைக்கு விளக்கை அணைத்து டார்ச் காட்டினோம். பூசணிக்காய் என்று அவர் சொன்னது சற்று அதிகம். பெரிய மாங்காய் இருக்கும். நன்றாகச் சிவந்து ஒளிர்ந்தது. ஸ்கேனிலும் வேறு குறை இல்லை. அடுத்த வாரமே ஆபரேஷன் முடிந்து, இரண்டு மாதத்தில் ஆட்டோவில் உட்கார்ந்து என்னைப் பல்லாவரம் வரை ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஏறிய பயணிகளிடம், "இவுரு ஆஸ்பத்திரில பெரிய ஆளு. ஒரு சத்தம் போட்டாருன்னா உசுரு திரும்பும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்ன சத்தம் என்று யாரும் கேட்காமலிருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டே வந்தேன்.

வட்டத்தை நிறுத்திவிட்டேனா என்று கேட்பீர்கள். நிறுத்தவில்லை. பெரிய டாக்டரும் நிறுத்தச் சொல்லவில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு காலி கூடம் வேண்டும்தான். அது இல்லாவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள், ஊசி குத்துகிறவனிடம் போய்விடுவார்கள். நான் மாற்றியது ஒன்றுதான். பென்சிலை எடுப்பதற்கு முன் கேட்பேன்: எப்பலேருந்து? "எட்டு வருஷமா" என்றால், "அப்போ இன்னும் ஒரு மணி நேரம் உக்காருங்க, பேப்பர் படிங்க" என்பேன். "காலைலேருந்து" என்றால் பென்சிலைத் தொட மாட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவேன்.

மூன்று வாரம் கழித்து ஆல்பர்ட் காட்டிக்கொண்டு போக வந்தான். அம்மாவும் கூட வந்தார். அன்றும் கூடம் நிறைந்திருந்தது. மடியில் செய்தித்தாளோடு மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் நான் குரலைத் தாழ்த்தி, "செக்கப்தானே தம்பி?" என்று காதோடு கேட்டேன்.

அவன் தன் அம்மாவை ஒரு தடவை பார்த்தான். அவர் வகுப்பில் பதில் சொல்லச் சொல்வது போலத் தலையசைத்தார். அவன் நிமிர்ந்து நின்றான்.

"விதை முறுக்கிக்கிட்டதுக்கு ஆபரேஷன் பண்ணாங்கண்ணா. செக்கப்புக்கு வந்திருக்கேன்."

சாதாரணக் குரல். பஸ் நம்பர் சொல்வது போல. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. டீச்சரம்மா என்னிடம், "போன வாரம் அந்தப் பாடம் எடுத்தேன் அண்ணா" என்றார். "படம் வரைஞ்சேன். சாக்பீஸ் ரெண்டு தடவை உடைஞ்சுது. ஆனா முழுசா முடிச்சுட்டேன்."

அவர்கள் உள்ளே போனதும் செய்தித்தாள்காரர்களில் ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். அவர் சீட்டில் "முதுகு வலி" என்று இருந்தது. அவர் வந்தபோது நான் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் இன்னும் எதுவும் கேட்கவில்லை.

"சார்," என்றார், தன்னால் முடிந்த அளவு சத்தமாக. "எனக்கும் அங்கதான். விடிகாலைல நாலு மணிலேருந்து."

உடனே உள்ளே கூட்டிப்போனேன். நல்லவேளை, திருகல் இல்லை. கிருமித் தொற்றால் வந்த வீக்கம். மாத்திரையும் ஓய்வும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "இது பென்சில் இல்லாமயே வந்துச்சே" என்றார்.

அந்தப் பென்சில் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. கட்டையாகிவிட்டது, ஆனால் இன்னும் எழுதும். உங்கள் மூவரில் யார் வாசலில் நின்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் இப்போது பென்சில் இருக்கும் மேசைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. அதை அங்கே மாற்றி மாட்டியவன் நான்தான். ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தபோது, ஏன் இடம் மாற்றுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.